ஆட்டுக்கு விட்ட நோட்டீஸ்

நான் வாழ்க்கையில் அதிகம் அடித்த சொல் எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். அத்துமீறி. அடித்த என்றால் டைப் அடித்த. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் பதினோரு வருஷம் தமிழ் டைப்பிஸ்டாக இருந்தேன். எண்பதுகளின் நடுவில் சேர்ந்தேன். ஏரிக்கரை நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகிக்கொண்டிருந்த காலம் அது. செம்பாக்கம், சிட்லபாக்கம், எந்தப் பக்கம் போனாலும் கல், கம்பி வேலி, அதை ஒட்டி ஒரு சண்டை. ‘எதிர்மனுதாரர் மேற்படி சொத்தில் அத்துமீறிப் பிரவேசித்து’ என்று விரல் தானாக ஓடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்று யோசித்துக்கொண்டே மூன்று கார்பன் வைத்து அடித்துத் தள்ளுவேன்.

ஒருநாள் வக்கீல் சாரிடம் கேட்டேன். “சார், இந்த அத்துன்னா என்ன சார்?”

“எல்லைம்மா.”

“அப்ப எல்லை மீறின்னே போட்டுடலாமே?”

“போடலாம். ஆனா அத்துன்னு போட்டாத்தான் எதிர்பார்ட்டிக்கு வயித்தக் கலக்கும்” என்றார்.

எனக்கு அது போதவில்லை. லைப்ரரியில் ஒரு தடிப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். அரபியிலிருந்து உருதுக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்த சொல் என்று போட்டிருந்தது. நிலம் அளக்க வந்த யாரோ ஒரு துரைத்தனத்து ஆள் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். என்னோடு பஸ்ஸில் வரும் தமிழ் டீச்சரிடம் இதைச் சொன்னேன். “யாரு சொன்னது? அது நம்ம சொல்லுதான்” என்று கேம்ப் ரோடு வரும்வரை சண்டை போட்டார். யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நிலத்தில் கிடந்த சொல் மனுஷனுக்குள் எப்படி வந்தது என்பது மட்டும் தெரியும். பேச்சில் அத்துமீறினான், பெண்ணிடம் அத்துமீறினான் என்று நாமே கல்லைப் பிடுங்கி ஆளுக்குள் நட்டுவிட்டோம்.

இன்னொன்றும் பட்டது. தப்பு என்றால் தவறிப்போனது. கால் இடறுகிற மாதிரி, யாருக்கும் நடக்கும். பாவம் என்றால் நடுவில் சாமி வந்துவிடுகிறார். அத்துமீறல் அப்படியில்லை. கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் அதை மீற முடியும். தெரியாமல் தாண்டினால் அது வெறும் நடைதான். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நானே செய்து தெரிந்துகொண்டேன்.

செம்பாக்கத்தில் எங்கள் மனை என் பேரில் இருந்தது. அப்பா போட்ட நகை அதற்குள் போனது, அதனால் என் பேர். எங்களுக்கு மேற்கே அடுத்த மனையில் ஓர் அக்கா இருந்தாள். என்னைவிடப் பத்து, பன்னிரண்டு வயது பெரியவள். அந்த ஊர்க்காரி. நாங்கள் வீடு கட்டிய வயலெல்லாம் ஒரு காலத்தில் அவள் மாமனார் உழுதது. விற்றது போக மிஞ்சிய அந்த ஒரு மனையில் ஓட்டு வீடு போட்டுக்கொண்டு, நாலு ஆடு, ஒரு சின்ன மகள் என்று இருந்தாள். புருஷன் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு என் பேர் தெரியாது. ‘டைப்பம்மா’ என்றுதான் கூப்பிடுவாள்.

அஸ்திவாரம் போடும்போது மணல் லாரி பின்னாலேயே வந்து, வாசல் மூலையில் நின்ற எல்லைக்கல்லைச் சாய்த்துவிட்டது. கல் நின்ற குழி சக்கரத்தில் மூடிப்போனது. என் வீட்டுக்காரர் ஆபீஸ் போயிருந்தார். மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

“கல்லு எங்கம்மா நின்னுச்சு?”

எனக்குத் தெரியும். தினமும் வந்து பார்த்த இடம், எதிர்ச்சாரியில் நின்ற வேப்பங்கன்றுக்கு நேரே. ஆனால் முந்தின நாள்தான் மேஸ்திரி, மாடிப்படி வைத்தால் பக்கச் சந்து நெருக்கும், இன்னும் ஒன்றரை அடி இருந்தால் ராஜா வீடு மாதிரி இருக்கும் என்று சொல்லியிருந்தார். கையை நீட்டினேன். நீட்டிய கை மேற்கே ஒன்றரை அடி தள்ளிப் போய் நின்றது.

“இங்கதான்னு நினைக்கிறேன்.”

அந்த ‘நினைக்கிறேன்’ இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றும் என் வாயில் நானே ஒன்று போடலாம் போலிருக்கிறது. மேஸ்திரி நூல் பிடித்தார். சுவர் முழங்கால் உயரம் எழும்பியது. மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குடிவந்துவிட்டோம். இதை வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் எனக்கே அது உண்மையாகிவிட்டது. அங்கேதான் இருந்திருக்கும், லாரிக்காரன் குழப்பிவிட்டான் என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன்.

குடிவந்த வருஷம் வயிற்றில் வந்தது, மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது. இரண்டு மாதம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மண்ணைக் கிளறிக்கொண்டு இருந்தால் மனசு ஆறும் என்று அம்மா சொன்னாள். வாசல் மூலையில், சுவரிலிருந்து ஒன்றரை அடி உள்ளே, ஒரு குண்டுமல்லிப் பதியனுக்குக் குழி தோண்டினேன். அந்த இடத்தில்தான் ஏன் தோண்டினேன்? அந்த மூலையை ஏதாவது ஒன்றால் மூடிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் இருந்ததோ என்னவோ. முழ ஆழத்தில் கரித்துண்டுகள் வந்தன. கூடவே நெல் உமி, கறுத்துப்போய். எவனோ இங்கே அடுப்பு மூட்டியிருக்கிறான் என்று இரண்டு கை அள்ளி வீசிவிட்டுச் செடியை வைத்தேன்.

செடி பிடித்தது. ஆறேழு மாதத்தில் மொட்டு விட்டது. அதே நேரத்தில் நானும் மறுபடி உண்டானேன். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டேன், முட்டாள்தனமாக. செடி தழைத்தால் இதுவும் தங்கும் என்று தினமும் போய் மொட்டை எண்ணுவேன். நாலாம் மாதம் ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பார்க்கிறேன், செடி மொட்டையடித்துக் கிடக்கிறது. அக்காவின் ஆடு, அந்த வெள்ளைக் கிடா, முழங்கால் சுவரை ஒரே தாவில் தாண்டி வந்து, வேர் மட்டும் மிச்சம் வைத்து மேய்ந்துவிட்டு, என்னைப் பார்த்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் எப்போதுமே மூக்குக்கு மேல். அன்றைக்கு அது கோபம்கூட இல்லை, பயம். ஆனால் பயத்தைக் கோபமாக்கிக் காட்டத்தானே நமக்கு வரும். மறுநாள் ஆபீசில் நானே பேப்பரைச் சொருகி, நானே அடித்து, வக்கீல் சார் முன்னால் வைத்தேன்.

“ஆட்டுக்கா நோட்டீஸ் விடறே?” என்று சிரித்தார்.

“ஆட்டுக்காரிக்கு சார்.”

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்ததால் நாலாம் நாள் கையெழுத்துப் போட்டார். ரிஜிஸ்தர் தபாலில் போனது. பக்கத்து வீட்டுக்குத் தாம்பரத்திலிருந்து தபால்! இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இரண்டு நாள் கழித்து விளக்கு வைக்கிற நேரம். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அக்கா வாசலில் நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கவரை நீட்டினாள்.

“டைப்பம்மா, தபால்காரன் கைநாட்டு வாங்கிக்கினு இத குட்த்துட்டுப் போனான். கெவுருமெண்டு காயிதமா இன்னான்னு தெரில. எனக்கு யாரு கீறாங்க படிக்க, நீதான் படிச்ச பொண்ணு. கொஞ்சம் படிச்சி சொல்லேன்.”

நான் அடித்த காகிதம், நான் ஒட்டிய கவர். கையில் ஈரம் என்று சொல்லிப் பார்த்தேன். “தொடச்சிக்கினு வா, நா இப்டி குந்தறேன்” என்று படியில் உட்கார்ந்துவிட்டாள்.

படித்தேன். ‘திருமதி’ என்று ஆரம்பித்து அவள் பேர் வந்தது, பின்னால் ‘அவர்களுக்கு’ என்று.

“இரு இரு. அது இன்னாது, திருமதியா?”

“மரியாதைக்குப் போடறதுக்கா.”

“என் பேருக்கா?” அவள் எட்டிப் பார்த்தாள். “எது என் பேரு?” விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “உம், மேல படி.”

‘எனது கட்சிக்காரர்’ என்று தொடங்கி என் பேரைப் படித்தேன்.

“அது யாரும்மா?” என்றாள் அக்கா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு என் பேர் தெரியாது. சிட்லபாக்கத்தில் யாரோ ஒருத்தி என்று அளந்துவிட்டால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தது. அவள் நிமிர்ந்து என் முகத்தையே நம்பிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான்க்கா” என்றேன்.

சொல்லிவிட்டு, நிறுத்தாமல் மடமடவென்று மிச்சத்தைப் படித்தேன். தங்களுக்குச் சொந்தமான ஆடுகள் மேற்படி மனையில் அத்துமீறிப் பிரவேசித்து, பூச்செடிகளைச் சேதப்படுத்தி, எனது கட்சிக்காரருக்கு மன உளைச்சல். படித்து முடிக்கும்போது என் காது இரண்டும் எரிந்தன.

“ஏம்மா,” என்றாள், “தோ இங்கதான கீறேன். அக்கா, உன் ஆடு என் செடிய துன்னுட்ச்சினு ஒரு கொரல் குடுத்தா ஆவாதா? அதுக்கு அந்தத் தபால்கார மனுசன் சைக்கிள்ள இம்மாந் தொலவு மிதிச்சிக்கினு வர்ணுமா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் எழுந்து முழங்கால் சுவர்கிட்டே போனாள். “அத்து மீறிச்சா என் ஆடு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுவரைப் பார்த்தாள். மொட்டைச் செடியைப் பார்த்தாள். பிறகு திரும்பி, நான் புடவையை இழுத்து மூடிக்கொண்டிருந்த வயிற்றைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

“எத்தினி மாசம்?”

“நாலு.”

“போன தபா மாரி ஆவாது. கம்னு பட்த்துக்கோ. செடிக்கு வேர் கீது, தயைக்கும். ஆட்ட நா கட்டிப் போட்டுடறேன்” என்று கவரை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு போனாள்.

சின்னதைச் சொன்னேன், பெரியதை விழுங்கிவிட்டேன். அந்த ஆடு மேய்ந்த செடி யார் நிலத்தில் நின்றது என்பதை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் சுவரை ஏற்றலாம் என்று மேஸ்திரி வந்தபோது அக்காதான் ஓடிவந்து திருப்பி அனுப்பினாள். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி இருக்கிற வீட்டில் கட்டுவதும் கூடாது, இடிப்பதும் கூடாது என்று அவள் ஊரில் கட்டுப்பாடு. ஆணி அடிக்கக்கூட விடவில்லை. காலண்டர் மாட்ட வீட்டுக்காரர் சுத்தியலை எடுத்ததற்கு அவருக்குக் கிடைத்த வசவு இருக்கிறதே! ஒன்பதாம் மாதம் வலி எடுத்தபோது, அவர் ஆபீசிலிருந்து வருவதற்குள், தெருமுனையில் போன மாட்டு வண்டியை நிறுத்தி என்னை ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தவளும் அவள்தான். பெண் பிறந்தது. வீட்டுக்கு வந்ததும் குழந்தையைக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டேன்.

“அக்கா, நீங்கதான் மொதல்ல எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டணும்.”

காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, என்ன அழகாக நீவினாள் தெரியுமா? அன்றிலிருந்து மூன்று மாதம் தினமும் அவள் கைதான். அதற்குப் பிறகு சுவர் தலை உயரத்துக்கு எழும்பியது. மேஸ்திரிக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குண்டுமல்லி அவள் சொன்னபடியே தழைத்து, சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தது. நான் ஒவ்வொரு தடவையும் பூப் பறிக்கும்போது அந்த ஒன்றரை அடியை நினைத்துக்கொள்வேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருப்பேன். ஆபீசில் உட்கார்ந்து மற்றவர்களின் அத்துமீறலை நாளைக்குப் பத்து முறை அடிப்பேன். சாயங்காலம் வந்து அவள் முகத்தைப் பார்த்தால் வாய் வராது. ரொம்ப நாள் சொல்லாமல் விட்டதைச் சொல்வது, செய்ததைவிடக் கேவலமாகத் தெரிந்தது. இப்படியே ஒன்பது வருஷம் ஓடியது.

தொண்ணூறுகளின் நடுவில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பல்லாவரத்தில் லேத் பட்டறை வேலை. ஓட்டு வீட்டை எடுத்துவிட்டு மகளுக்குச் சின்னதாக ஒரு மாடி வீடு கட்டிக்கொடுத்து, கூடவே இருந்துவிட வேண்டும் என்பதுதான் அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை. ஆடுகளைக்கூட அதற்காகத்தான் விற்றாள். பிளானுக்கு எழுதிப் போட்டால், பத்திரத்தில் இருக்கிற அகலம் தரையில் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அளந்து கொண்டுவா என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சர்வேயர் செயினும் வரைபடமுமாக வந்து இறங்கினார்.

எங்கள் வீட்டிலிருந்து எல்லோரும் வெளியே வந்து நின்றோம், நான், வீட்டுக்காரர், என் மகள். அந்தப் பக்கம் அக்கா, ஐந்து மாத வயிற்றோடு அவள் மகள், மாப்பிள்ளை. சர்வேயர் மூன்று முறை அளந்தார்.

“ஒன்ற அடி கொறையுது. பழைய கல்லு ஒண்ணுகூட இல்லியேம்மா, நான் எதை வெச்சுப் பிடிக்கிறது?”

அக்கா தயங்கினாள். பிறகு எங்கள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குண்டுமல்லியைக் கை காட்டினாள்.

“அந்தச் செடியாண்ட தோண்டுங்க சார். எங்க மாமனாரு கல்லு நட்டா, அடில கரியும் உமியும் கொட்டித்தான் நடுவாரு. கல்ல தூக்கிடலாம். கரி மக்காது.”

அந்தக் கரி என் கையில் பட்ட கரி. நான் அள்ளி வீசிய கரி. சர்வேயரின் ஆள் எங்கள் வாசலுக்குள் வந்து செடிக்குப் பக்கத்தில் நோண்டினான். நான் வீசியது போக மிச்சம் அங்கேயே இருந்தது, கறுப்பாக, அப்படியே. டேப் பிடித்துப் பார்த்தார்கள். சுவருக்குச் சரியாக ஒன்றரை அடி உள்ளே.

“அப்போ கல்லை யாரோ நகத்தியிருக்காங்க” என்றார் சர்வேயர்.

மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் அக்காவின் குரல் வந்தது.

“யாரும் நகத்தல சார். மணல் லாரி மோதி சாஞ்சிட்ச்சி. மேஸ்திரி குத்துமதிப்பா நட்டுட்டான். அவ்ளோதான்.”

வழி கிடைத்துவிட்டது. பேசாமல் இருந்தால் போதும். ‘ஆமாம் சார், லாரி’ என்று என் வீட்டுக்காரரே தலையாட்டினார், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அக்கா குளிப்பாட்டி வளர்த்த பிள்ளை. லாரியா, மேஸ்திரியா?

“மேஸ்திரி நடல சார்” என்றேன். “எங்க நின்னுச்சுன்னு என்னைக் கேட்டார். எனக்கு இடம் தெரியும். தெரிஞ்சேதான் தள்ளிக் காட்டினேன். அத்து மீறினது நான்தான்.”

வீட்டுக்காரரின் தலையாட்டல் பாதியில் நின்றது. என் மகள் கையை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியாது.

“அதான் நா சொல்லிட்டேன்ல!” என்று அக்கா என் மேலேயே பாய்ந்தாள். “இன்னாத்துக்கு எல்லார் எதிர்லயும் ஒளறிக்கினு கீற?”

“உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“தெரியாம? அன்னிக்கு நா ஆட்ட ஓட்டிக்கினு வேப்பங்கண்ணாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். நீ கை காட்னத இந்தக் கண்ணால பாத்தேன்.”

“அப்ப ஏன்க்கா கேக்கல?”

“எப்ப கேக்கறது? மொதல்ல ஒண்ணு வயித்துல வந்து போயிட்ச்சி, நீ பித்து பிட்ச்சா மாரி கெடந்த. அப்பால அந்தக் காயிதத்த அனுப்ச்சியே, அன்னிக்கு நாக்கு வரைக்கும் வந்துட்ச்சி. நாலு மாசம்ன்ட்ட. வயித்துப் புள்ளக்காரிய பாத்து உன் செவுத்த இடின்னு சொன்னா, அது அத்து மீறுனது இல்லியா? சரி, பொறக்கட்டும், கேப்போம்னு இருந்தேன். நீ கொயந்தய கொண்டாந்து என் மடில போட்ட. அதுக்கப்பால எந்த வாயால கேப்பேன்? என் ஆட்டுக்கு ஒன்ற அடி எதுக்குனு வுட்டுட்டேன். இப்பதான் என் பொண்ணுக்கு வோணும்.”

சர்வேயர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். மாப்பிள்ளைக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. “ஒம்போது வருசமா எங்க நெலத்துல பூ பறிச்சிக்கினு இருந்தியா?” என்று விறுவிறுவென்று போய் கடப்பாறையோடு வந்தார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. “இடிங்க தம்பி” என்றேன். எனக்கு அந்த நிமிஷமே அந்தச் சுவர் போக வேண்டும். போனால்தான் மூச்சு விட முடியும் போலிருந்தது.

அக்கா குறுக்கே வந்து கடப்பாறையைப் பிடித்துவிட்டாள்.

“அறிவு கீதா உனுக்கு? உன் பொண்டாட்டி வயித்துப் புள்ளயோட நிக்கிறா, செவுத்த இடிக்கிறேன்ற? எறக்கு கீழ.”

“அக்கா, எங்க செவுருதானே, நாங்களே ஆள் வெச்சு…” என்று நான் ஆரம்பித்தேன்.

“நீயும் கம்னு இரு. நா பொறுக்கல? நீயும் பொறு.”

நாலு மாதம் பொறுத்தேன். சர்வேயர் அன்றே என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டதால் பிளானுக்குத் தடையில்லை. ஆனால் சுவர் நின்றது. தினமும் காலையில் கதவைத் திறந்தால் அதுதான். வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளை தெருவில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டார். குண்டுமல்லியில் நான் கை வைக்கவில்லை, பூத்துப் பூத்துக் கீழே கொட்டியது. என் மகள் ஒருநாள், “அம்மா, பெரியம்மாகிட்ட சாரி சொன்னியா?” என்று கேட்டாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அத்தனை பேர் முன்னால் குற்றத்தைச் சொன்னேனே தவிர, அவளிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அன்று சாயங்காலமே போனேன். அவள் மகளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். “தோ, அந்தப் பூண்ட உரி” என்று முறத்தைத் தள்ளினாள். உரித்துக்கொண்டே அழுதேன். பூண்டு உரித்தால் யாரும் அழமாட்டார்கள் என்று கேலி செய்தாள்.

அவள் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து, பதினாறு நாள் தீட்டு கழிந்த மறுநாள், முதல் செங்கல்லை நானே பெயர்த்தேன். சாயங்காலத்துக்குள் சுவர் தரைமட்டம். புதுச் சுவர் கரியின் மேலேயே எழும்பியது. குண்டுமல்லி அந்தப் பக்கம் போய்விட்டது. படிக்கட்டுச் சந்தில் இப்போதும் நான் ஒருக்களித்துத்தான் போகிறேன்.

மனையை மகள் பேருக்கு எழுதிவைக்க வேண்டும் என்று அக்கா நான் வேலை செய்த ஆபீசுக்கே வந்தாள். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேஜையில் கொட்டினாள். பழைய பத்திரம், அவள் புருஷன் பேரில். பட்டா, அதுவும் அவர் பேரில். ரேஷன் கார்டு, அதுகூட இன்னும் அவர் பேரிலேயே. அதற்கு நடுவே நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, சோற்றுப் பசை போட்டு ஒட்டிய ஒரு காகிதம். பிரித்துப் பார்த்தேன். என் நோட்டீஸ்.

“இதை ஏன்க்கா இன்னும் வெச்சிருக்கீங்க? குடுங்க, கிழிச்சுப் போட்டுடறேன்.”

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். “தொடாத! அதுல ஒண்ணுலதான் என் பேரு கீது. திருமதி போட்டு.”

வக்கீல் சார் ஏதோ ஃபைலைத் தேடுவதுபோல எழுந்து உள்ளே போய்விட்டார். நான் புதுப் பேப்பரைச் சொருகினேன். மேலே அவள் பேரை அடித்தேன். திருமதி போட்டு, அவர்கள் போட்டு. அந்த வரிக்கு ரிப்பனைக்கூட மாற்றினேன், நன்றாகக் கறுப்பாக விழட்டும் என்று. அப்புறம் நாலு பக்க எல்லை. வடக்கே தெரு. தெற்கே இன்னொருவர் மனை. மேற்கே அவள் கொழுந்தனார் மனை. கிழக்கே என் பேர் வர வேண்டும், அடித்தேன்.

“எல்லாத்தயும் ஒருக்கா படி” என்றாள் அக்கா. படித்துக்கொண்டே வந்தேன். “கிழக்கே எல்லை” என்று சொல்லி என் பேரைப் படித்தேன்.

அவள் முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். ஒன்றுமே தெரியாதவள் மாதிரி கேட்டாள்.

“அது யாரும்மா?”

“நான்தான்க்கா” என்றேன்.